அடிக்காத ஆணைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன பயன்?

மார்ச் 4

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குடும்ப வன்முறையைத் தடுக்க அப்பாக்களோடு பேசுகிறோம் என்கிறீர்கள். அப்படிப் பேச வருகிறவன் எவனும் மனைவியை அடிக்கிறவன் இல்லை. அடிக்கிறவன் வரப்போவதில்லை. அப்புறம் யாருக்காக இந்தக் கூத்து?"

கேள்வி நியாயம்தான், ஆனால் அடிக்கிறவன் வர மாட்டான் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வருவான். ஸ்கேன் எடுக்கும் நாளில் மனைவியின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களில் அவனும் ஒருவன். முகத்தில் எதுவும் எழுதி ஒட்டியிருக்காது. போலீஸ் கூப்பிட்டு வருவது வேறு, நீதிமன்றம் அனுப்பி வருவது வேறு. தானாகவே, சந்தோஷமாகவே, ஓர் ஆண் மருத்துவத்துறையின் வாசலுக்கு வந்து நிற்பது அநேகமாக மனைவி கர்ப்பமாக இருக்கும் இந்த ஒரு காலத்தில்தான். அந்த நேரத்தில் அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

என்னைப் பற்றி: நான் டாக்டரும் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. ஒரு மகப்பேறு மருத்துவமனையில், அப்பாவாகப் போகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் தன்னார்வலர். என் மகள் பிறந்த சமயத்தில் அங்கே இருந்த மூத்த நர்ஸ் ஒருவர் இழுத்துவிட்டார். இன்னும் விடவில்லை.

மார்ச் 4, இரவு

எத்தனை பேர் அப்படி இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் பெண்களிடம் கேட்டு 2005ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோது அடி வாங்கியதாகச் சொன்னவர்கள் ஜப்பானிய நகரம் ஒன்றில் 100க்கு 1, பெரு நாட்டின் ஒரு மாகாணத்தில் 28. பெரும்பாலான இடங்களில் 4 முதல் 12 வரை. அடித்தவன் யார்? 90 சதவீதத்துக்கும் மேல், வயிற்றில் இருந்த குழந்தையின் அப்பாவேதான்.

இருபது நாற்காலி போட்டால் அதில் ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாற்காலி என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயல்வதும் இல்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 5

நாற்காலி என்றதும் ஞாபகம் வந்தது. பிரசவ வார்டில் அம்மாவுக்குக் கட்டில், குழந்தைக்குத் தொட்டில், அப்பாவுக்குச் சுவர்.

மார்ச் 6

என்னதான் பேசுவீர்கள் என்கிறார்கள்.

"மனைவியை அடிக்காதீர்கள்" என்று ஆரம்பித்தால் அத்தனை பேரும் பக்கத்தில் இருப்பவனைத்தான் பார்ப்பார்கள். அதனால் நாங்கள் ஒரு ராத்திரியில் ஆரம்பிப்போம். குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். மணி இரண்டு. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஒரு மணி நேரமாக அழுகை நிற்கவில்லை. மனைவியும் அழுகிறாள். விடிந்தால் நீங்கள் வேலைக்குப் போக வேண்டும். என்ன செய்வீர்கள்?

முதலில் எல்லாம் நல்ல பிள்ளைப் பதில்கள் வரும். தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன், பாட்டுப் பாடுவேன். ஒருமுறை பின்வரிசையில் இருந்து ஒருவர், "கத்துவேன் சார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "யார் மேல?" என்று நர்ஸ் கேட்டார், சாதாரணமாக, டீ குடிக்கிறீர்களா என்று கேட்பது போல. அந்த மனிதர் யோசித்துவிட்டு, "குழந்தை மேல கத்த முடியாதே" என்றார்.

எங்கள் வேலை முழுக்க அந்தப் பதிலில்தான் இருக்கிறது. குழந்தை மேல் கத்த முடியாது என்று அவருக்குத் தெரிகிறது. அப்படியென்றால் கத்தல் யார் பக்கம் போகும் என்பதும் அவருக்கே தெரிகிறது.

என் மகள் அழுத ராத்திரிகளில் எனக்கு வந்தது தூக்கம் இல்லை, ஆத்திரம். அவ்வளவு சின்ன உடம்பைப் பார்த்து அவ்வளவு ஆத்திரம் வரும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. பெயர் வைப்பது பற்றி, தடுப்பூசி பற்றி, பள்ளிக்கூடம் பற்றிக்கூட ஆலோசனை சொன்னார்கள். இதைச் சொல்லவில்லை.

மார்ச் 7

நேற்று எழுதியதோடு ஒட்டி ஒரு தகவல். குழந்தையின் அழுகை பிறந்து இரண்டு வாரம் போல ஏற ஆரம்பிக்கும், இரண்டாம் மாதத்தில் உச்சத்துக்குப் போகும், நாலு ஐந்து மாதத்துக்குள் இறங்கிவிடும். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் இதே கதைதான். யாருடைய வளர்ப்பும் தவறு இல்லை. இதை மட்டும் சொன்னாலே பல முகங்கள் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே இன்னொன்று: தாங்க முடியவில்லை என்றால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். சில நிமிடம் அழுதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிடித்துக் குலுக்கினால் ஆகும். அந்தக் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் இல்லை. மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகலாம், உயிரும் போகலாம்.

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில், மார்க் டயாஸ் என்ற நரம்பு அறுவை மருத்துவர் 1998 முதல் இதைப் பிரசவ மருத்துவமனைகளிலேயே சொல்லவைத்தார். வீட்டுக்குப் போகும் முன் அப்பா அம்மா இருவரிடமும் விளக்கி, தெரிந்துகொண்டோம் என்று கையெழுத்து வாங்குவார்கள். அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட தலைக்காயங்கள் 47 சதவீதம் குறைந்தன என்று 2005ல் எழுதினார்.

இத்தோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே மாதிரி வேலையைப் பென்சில்வேனியா மாநிலம் முழுக்கச் செய்துவிட்டு, அங்கே குறையவில்லை என்று 2017ல் எழுதியவர்களிலும் அவர் இருந்தார். வட கரோலினாவிலும் அதே முடிவு. துண்டுப் பிரசுரமும் கையெழுத்தும் மட்டும் போதாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தன் வெற்றிக்குப் பிறகு வந்த தோல்வியையும் அச்சில் ஏற்றிய மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

மார்ச் 8

6ஆம் தேதி எழுதியதைப் படித்த ஒரு பெண் இப்படி எழுதியிருக்கிறார்: "தூக்கம் இல்லை, அதனால் கத்தினான். வேலை அழுத்தம், அதனால் தள்ளினான். நீங்களே காரணம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்."

அவர் சொல்வதை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தேன். தூக்கம் கெட்டவர்கள் வீட்டில் இரண்டு பேர். உடம்பு கிழிந்து, தையல் போட்டு, பால் கட்டிக்கொண்டு தூக்கம் கெட்டவள் ஒருத்தி. அவள் கை ஓங்குவதில்லை. அவனும் எல்லாரிடமும் ஓங்குவதில்லை. மேலாளர் அதட்டும்போது அதே தூக்கமில்லாத ஆள் "சரி சார்" என்கிறான். ஆக அவனுக்கு அடக்கத் தெரியும். எங்கே அடக்க வேண்டாம் என்பதும் தெரியும்.

அதனால் களைப்பைப் பற்றிப் பேசிவிட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது. அடுத்த கேள்வி கட்டாயம் வர வேண்டும்: வீட்டில் மட்டும் ஏன் அடக்க வேண்டாம் என்று தோன்றுகிறது? இந்தக் கேள்வி வந்ததும் அறையில் சத்தம் குறையும். சிலர் போனை எடுப்பார்கள்.

மார்ச் 11

பலன் உண்டா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டவர்களுக்கு. எனக்குத் தெரிந்த உறுதியான பதில் ருவாண்டாவில் இருந்து வருகிறது.

முதலில் பின்னணி. 1997ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ப்ரொமுண்டோ என்ற அமைப்பு தொடங்கியது. இப்போது பெயர் எக்விமுண்டோ. இளைஞர்களோடும், அப்புறம் அப்பாக்களோடும் குழுவாக உட்கார்ந்து பேசும் முறைகளை உருவாக்கியவர்கள் இவர்கள். அப்பாக்களுக்கான அந்த முறையை ருவாண்டாவில் அங்குள்ள ஆண்கள் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து 'பந்தெபெரெஹோ' என்ற பெயரில் நடத்தினார்கள். மனைவி கர்ப்பமாக இருப்பவர்கள், ஐந்து வயதுக்குள் குழந்தை உள்ளவர்கள், இவர்கள்தான் குழுவில். ஆண்களுக்கு 15 அமர்வுகள், அதில் 8க்கு மனைவியும் வருவார். நடத்துகிறவர்கள் பெரிய நிபுணர்கள் இல்லை, அதே பகுதியில் இருக்கும் அப்பாக்கள். கர்ப்பம் பற்றிய அமர்வுக்கு நர்ஸ் வருவார், சட்டம் பற்றிய அமர்வுக்குப் போலீஸ்காரர் வருவார்.

சுமார் 1,200 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 21 மாதம் கழித்துப் பார்த்தார்கள். குழுவில் சேராதவர்களின் மனைவிமாரில் 100க்கு 57 பேர் கடந்த ஒரு வருடத்தில் கணவனிடம் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். சேர்ந்தவர்களின் மனைவிமாரில் 33 பேர். பாலியல் வன்முறையும் அதே அளவுக்கு இறங்கியது, பிள்ளைகளை அடிப்பதும் குறைந்தது. 2018ல் வெளியானது. ஆறு வருடம் கழித்து மறுபடி போய்ப் பார்த்தபோதும் வித்தியாசம் கரையவில்லை.

33 என்பதும் மிக அதிகம்தான், அதை யாரும் மறைக்க வேண்டாம். ஆனால் வாசகரின் முதல் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது: அந்த அறைகளில் அடிக்கிறவர்கள் இருந்தார்கள். வந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் நிறுத்தினார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அந்த 57ம் 33ம் யார் வாயில் இருந்து வந்தவை? மனைவிகள் சொன்னவை. "நான் மாறிவிட்டேன்" என்று கணவன் சொன்னதை எண்ணி இந்தக் கணக்குப் போடவில்லை.

மார்ச் 12

"15 அமர்வா? எங்கள் ஆட்கள் 15 நிமிடம் உட்கார மாட்டார்கள்." இந்த மாதிரி எழுதியவர்கள் நிறைய. கிரிக்கெட் என்றால் ஐந்து நாள் உட்காருவார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

சிறியதாகவும் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'பேபி மேக்ஸ் 3' என்று ஒன்று. புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கு அங்கே தாய் சேய் நல நர்ஸ்கள் ஏற்கெனவே நடத்தும் குழுக்களோடு இணைத்து மூன்றே வாரம். அப்பாக்களும் வர வேண்டும். குழந்தை வந்த பிறகு வேலை, பணம், தூக்கம், முடிவெடுப்பது எல்லாம் வீட்டில் எப்படிப் பங்காகிறது என்பதுதான் பேச்சு. வன்முறை என்று வாசலில் பலகை வைப்பதில்லை.

அதே நாட்டில் நியூகாசில் பல்கலைக்கழகம் வழியாக வந்தது 'எஸ்எம்எஸ்ஃபார்டாட்ஸ்'. கர்ப்ப காலத்தில் இருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். எங்கும் போய் உட்கார வேண்டாம்.

இவை 15 அமர்வுக்குச் சமமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஏற்கெனவே அடிப்பவனை மூன்று வாரமும் மாற்றாது, மெசேஜும் மாற்றாது. ஆனால் இன்னும் அந்தப் பக்கம் போகாத, போகக்கூடிய ஓர் ஆளுக்கு ஏதோ செய்யும். எங்கள் மருத்துவமனையில் நடப்பதும் இந்தச் சின்ன ரகம்தான். அதற்கு மேல் நான் உரிமை கோரவில்லை.

மார்ச் 14

ஒரு நண்பர் வெள்ளை நாடா இயக்கத்தைப் பற்றி ஏன் எழுதாமல் விட்டுவிட்டாய் என்கிறார்.

1989 டிசம்பர் 6, கனடாவின் மான்ட்ரியல். பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவன் மாணவர்களையும் மாணவிகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டுப் பெண்களைச் சுட்டான். 14 பெண்கள் இறந்தார்கள். 1991ல் அந்த நாட்டில் சில ஆண்கள், இதைப் பற்றிப் பெண்கள் மட்டும் பேசிக்கொண்டிருப்பது சரியில்லை என்று சட்டையில் வெள்ளை நாடா குத்திக்கொண்டார்கள். பல நாடுகளுக்குப் பரவியது. ஆரம்பித்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

நாடா குத்தியவன் வீட்டில் என்ன செய்கிறான் என்பதை நாடா சொல்லாது, அதுதான் சிக்கல். ஆஸ்திரேலியாவில் இந்த இயக்கத்துக்குத் தூதர்கள் என்று ஆண்களை நியமித்தார்கள், தேர்வு போதவில்லை என்று விமர்சனம் வந்தது. அங்கிருந்த அமைப்பு 2019 அக்டோபரில் பணமில்லாமல் மூடப்பட்டது, மறு வருடம் வேறொரு அமைப்பு எடுத்துக்கொண்டது.

எங்கள் குழுவிலும் கடைசி நாளில் அப்பாக்களுக்குச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. புகைப்படம், கைதட்டல் எல்லாம். நான் எதிர்த்தேன். மனைவி பல வருடமாக வாயே திறக்காமல் செய்யும் வேலையை இவன் நாலு வாரம் செய்ததற்கு மாலையா? நர்ஸ் என்னைவிட நடைமுறைவாதி. "அந்தக் காகிதத்தை எவனாவது குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கில் கொண்டுபோய் நீட்டினால்?" என்று மட்டும் கேட்டார். யோசனை அத்தோடு செத்தது.

மார்ச் 15

"சார், நான் ஒரு தடவைகூட அடிச்சதில்லை." இதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் ஆண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, அடிக்கவில்லை. அவள் சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகிறது? பிரசவத்துக்குப் பிறகு வருமானம் இல்லாத மாதங்களில் அவள் ஒரு பொருள் வாங்க உங்களிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறதா? அவள் போன் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா, உங்களுடையது அவளுக்குத் தெரியுமா? அவள் அம்மாவோடு பேசி முடித்ததும் என்ன பேசினாய் என்று கேட்பீர்களா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015ல் கொண்டுவந்த சட்டம், அடியே இல்லாமல் இப்படித் தொடர்ந்து ஒருவரைக் கட்டுக்குள் வைத்திருப்பதையே குற்றம் ஆக்கியது. குழந்தை பிறந்த புதிதில் இது சத்தமில்லாமல் வளரும், ஏனென்றால் அப்போது எல்லாம் அக்கறை போலவே தெரியும். வெளியே போகாதே, உடம்பு சரியில்லை. வேலைக்கு என்ன அவசரம், குழந்தையைப் பார். பணம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கறைக்கும் இதற்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருவர் கேட்டார். அவள் "வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கிறது என்று பாருங்கள் என்றேன்.

மார்ச் 19

முதல் நாள் ஒரு பாக்கி வைத்தேன்: எந்த நாற்காலியில் அடிக்கிறவன் உட்கார்ந்திருக்கிறான் என்று தேடுவதில்லை என்றேன். காரணம் அவன் மனைவியின் பாதுகாப்பு.

குழுவில் நான் ஒருவனை அம்பலப்படுத்திவிட்டால் அவன் அன்றைக்கு வீட்டுக்குத்தான் போவான். "நீதானே சொல்லிக்கொடுத்தாய்?" என்பான். கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மனைவியிடம் "வீட்டில் பிரச்சினை உண்டா?" என்று கேட்பது அதைவிட மோசம். பக்கத்தில் அவன் இருந்தால் "இல்லை" என்ற ஒரு பதில்தான் வரும். அதனால் அந்தக் கேள்வியைப் பயிற்சி பெற்ற நர்ஸ், எடை பார்க்கும் அறையில், தனியாக இருக்கும்போதுதான் கேட்பார். கணவனுக்கு அங்கே அனுமதி இல்லை என்பது எல்லாருக்கும் பொதுவான விதி. யாருக்காகவும் தளர்த்துவதில்லை, இல்லையென்றால் யாருக்காக வைத்தது என்று தெரிந்துவிடும்.

ஒருவன் தானாக வந்து "நான் அடித்திருக்கிறேன்" என்று சொன்னால்? எங்கள் குழு அவனுக்குப் போதாது. தம்பதிகளாக உட்காரவைத்துச் சமாதானம் பேசுவது கூடவே கூடாது. அவனுக்குத் தனி முறைகள் உண்டு. கனடாவில் 2001ல் தொடங்கிய 'கேரிங் டாட்ஸ்' அப்படி ஒன்று. 17 வாரம், மனைவியையோ குழந்தையையோ துன்புறுத்திய அப்பாக்களுக்கு மட்டும். அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, அந்தக் காலம் முழுக்க அம்மாவோடும் தனியாகத் தொடர்பில் இருப்பார்கள். அவன் வகுப்பில் சொல்வதும் வீட்டில் நடப்பதும் ஒத்துப்போகிறதா என்று அவளிடம் இருந்துதான் தெரியும்.

மார்ச் 19, சற்று நேரம் கழித்து

ஆண்களும் அடி வாங்குகிறார்கள், அதை ஏன் பேசவில்லை என்று ஏழெட்டுப் பேர். வாங்குகிறார்கள். அவர்களுக்கும் உதவி கிடைக்க வேண்டும், சிரிக்காமல் கேட்கும் ஆள் வேண்டும். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இந்த இழையை மூடுவதற்காக அதைச் சொல்கிறவர்களுக்குப் பதில் இல்லை.

மார்ச் 24

அடிக்காத ஆண்கள் இதில் கூட்டாளிகளாக என்ன செய்யலாம் என்ற விஷயத்துக்கு வருவோம். அறையில் உள்ள பெரும்பான்மை அடிக்காதவர்கள்தான், அவர்களால் என்ன பயன் என்பதற்கு நான் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை.

ஆண்கள் கூட்டத்தில் ஒருவன் மனைவியை மட்டம் தட்டி ஜோக் அடிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். தனித்தனியாகக் கேட்டால் பாதிப் பேருக்கு அது பிடித்திருக்காது. ஆனால் மற்ற எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்கிறான். ஜோக் அடித்தவனோ, எல்லாரும் என் பக்கம் என்று வீட்டுக்குப் போகிறான். அங்கே ஒருவன் சிரிக்காமல் இருந்தாலே போதும், கணக்கு மாறும். சண்டை போட வேண்டாம், உபதேசமும் வேண்டாம்.

இந்தியாவில் 2008ல் 'பெல் பஜாவோ' என்று ஒரு பிரசாரம் நடந்தது. பக்கத்து வீட்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் போய் அழைப்பு மணியை அடியுங்கள், அவ்வளவுதான். விளம்பரங்களில் ஆண்களும் பையன்களும் மணி அடித்துவிட்டு அல்பச் சாக்கு ஏதாவது சொல்வார்கள். கொஞ்சம் பால் கிடைக்குமா, ஒரு போன் பண்ணிக்கொள்ளலாமா. கதவைத் திறந்தவனுக்குப் புரிந்துவிடும்: வெளியே கேட்கிறது. கேட்கிறவனும் ஓர் ஆண்.

அப்பாக்கள் குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர், "அவன் என்னையே அடிக்க வந்தால்?" என்றார். நியாயமான பயம். தனியாகப் போகாதீர்கள், ஆயுதம் இருக்கலாம் என்று தோன்றினால் போகவே போகாதீர்கள், போலீஸைக் கூப்பிடுங்கள். மறுநாள் அந்தப் பெண்ணிடம் தனியாக உங்கள் மனைவி பேசட்டும். அவள் கேட்காமல் எந்த முடிவையும் அவள் மேல் திணிக்காதீர்கள்.

ஏப்ரல் 2

அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும் என்று யாரும் எழுதவில்லையே என்று காத்திருந்தேன். நானே எழுதுகிறேன். 2010ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த தொகுப்பாய்வு, கர்ப்ப காலத்துக்கும் குழந்தையின் முதல் வயதுக்கும் இடையில் பத்தில் ஓர் அப்பாவுக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. குழந்தை பிறந்து மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் அதிகம். ஆண்களுக்கு அது பல நேரம் அழுகையாக வராது. எரிச்சலாக, குடியாக, வீட்டுக்கு லேட்டாக வருவதாக வரும்.

மார்ச் 8ஆம் தேதிப் பதிவை மறந்துவிடவில்லை. மனச்சோர்வு இருப்பவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. அது மன்னிப்புக் கடிதமும் இல்லை. ஆனாலும் சிகிச்சை பெறும் உரிமை அவனுக்கு உண்டு, அவனிடம் யாராவது கேட்கவும் வேண்டும்.

விடுமுறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நார்வே 1993ல் பெற்றோர் விடுப்பில் நாலு வாரத்தை அப்பாவுக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் பொதுவாக அந்த வாரங்கள் போய்விடும். அதுவரை மிகச் சிலரே எடுத்துக்கொண்டிருந்த விடுப்பை, சில வருடங்களுக்குள் பெரும்பாலான அப்பாக்கள் எடுத்தார்கள். இதனால் மட்டும் வன்முறை குறையும் என்று நான் சொல்லவில்லை. பகல் முழுக்கக் குழந்தையோடு தனியாக இருந்தவன், "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்ற வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 9

ஒரு மாத இழையில் இதுதான் நல்ல கேள்வி: "உங்கள் குழுவால் பலன் உண்டா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ருவாண்டா அளவுக்கு எங்களிடம் ஆய்வு கிடையாது. கடைசி அமர்வில் அப்பாக்கள் நிரப்பிக் கொடுக்கும் படிவம் இருக்கிறது. அதில் எல்லாரும் உத்தமர்கள். அதை நான் படிப்பதையே நிறுத்திவிட்டேன். குழந்தைக்கு ஆறு மாதத் தடுப்பூசி போட வரும்போது நர்ஸ் அம்மாவிடம் தனியாகக் கேட்கும் சில கேள்விகள்தான் எங்களிடம் இருக்கும் ஒரே கணக்கு. ராத்திரி யார் எழுந்திருக்கிறார்கள், கையில் உன் பணம் இருக்கிறதா, அவர் கோபமாக இருக்கும்போது உனக்குப் பயமாக இருக்கிறதா. பதில்கள் என்னிடம் வராது, வரவும் கூடாது. குழுவில் எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று மட்டும் சொல்வார்.

போன தடவை சொன்னது: ராத்திரி எழுந்திருப்பது பரவாயில்லை, பணத்தில் ஒன்றும் அசையவில்லை. அதனால் அடுத்த குழுவில் முதல் நாளே பணத்தைப் பேசலாம் என்கிறேன் நான். முதல் நாளே பணம் என்றால் இரண்டாம் நாள் நாற்காலி காலியாக இருக்கும், மூன்றாவது வாரத்தில் வை என்கிறார் அவர். மே மாதம் தொடங்க வேண்டும், இன்னும் முடிவாகவில்லை.